சொன்ன சொல்லும் நிறுத்த நிறையும்

பால் நிறுக்கும் கொட்டகையில் வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. "இன்றைக்கு நல்ல பால்" என்று தொழிலாளி சொன்னால், கிராணியார் அதை அப்படியே புத்தகத்தில் எழுதிக்கொள்வதில்லை. வாளி தராசில் ஏறவேண்டும். அதன் பிறகும் விட்டார்களா? மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, இந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு, வெறும் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். விடியலில் தூறல் விழுந்து மங்கில் தண்ணீர் சேர்ந்திருந்தால் வாளி கனக்கும், கூலி கனக்காது. தோட்டத் தொழிலாளியின் நாணயம் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் சோதிக்கப்பட்டு வருகிறது. இந்தச் சோதனையில் நமக்கு முறையீடுகள் உண்டு. அவற்றை வேறொரு தலையங்கத்தில் பேசுவோம்.

இன்று நாம் கேட்பது ஒன்றுதான். ஒரு வாளிப் பாலுக்கு இத்தனை சோதனை வேண்டுமென்றால், உலகத்து அரசாங்கங்கள் மகாநாட்டு மேடைகளில் வாரி வழங்குகிற வாக்குறுதிகளுக்கு ஒரு தராசும் மெட்ரோலாக்கும் வேண்டாமா?

எந்த வாக்குறுதி என்று கேட்பீர்கள். பூமி சூடேறி வருவதைத் தடுப்போம் என்ற வாக்குறுதிதான். நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிகின்றன, காடுகள் அழிகின்றன, அவற்றிலிருந்து கிளம்பும் கரியமிலவாயு ஆகாயத்தில் போர்வையாகப் படிந்து, சூரியனின் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. இதனால் சீதோஷ்ண நிலையே மாறுகிறது. இது விஞ்ஞானிகளின் வீண் பேச்சல்ல. மழை எப்போது வரும், வெயில் எப்போது ஏறும் என்று வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற பால்வெட்டுத் தொழிலாளிக்கு இதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யவேண்டியதில்லை.

நம் நாடு என்ன சொன்னது? 2009 டிசம்பரில் கோபன்ஹேகன் நகரில் கூடிய உலக மகாநாட்டில், அன்றைய பிரதமர் நஜிப் ரசாக் ஒரு வாக்குறுதி கொடுத்தார். 2005ஆம் ஆண்டு அளவைவிட 2020க்குள் 40 சதவிகிதம் வரை குறைப்போம் என்றார். பணக்கார நாடுகள் பணமும் தொழில் நுணுக்கமும் தந்து உதவவேண்டும் என்ற நிபந்தனையும் உடன் இருந்தது. பிறகு 2015ல் பாரிஸ் ஒப்பந்தம் வந்தபோது, 2030க்குள் 45 சதவிகிதம் என்று அந்த எண் உயர்ந்தது. அதில் 35 நாமே செய்வது, 10 பிறர் உதவினால் செய்வது. 2021ல் நிபந்தனை நீக்கப்பட்டு, 45ம் நம் பொறுப்பே என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், 12ஆவது மலேசியத் திட்டத்தைச் சமர்ப்பித்த பிரதமர் இஸ்மாயில் சப்ரி, 2050 வாக்கிலேயே கரிமச் சமநிலையை எட்டுவோம் என்றும், இனிப் புதிய நிலக்கரி மின்சார நிலையம் கட்டப்படாது என்றும் கூறினார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 45 சதவிகிதம் என்றால் பாதிக்குச் சற்றே குறைவு. எரிகிற அடுப்பில் பாதி அணைந்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

ஆனால் சிறிய எழுத்தைப் படிக்கவேண்டும், தோழர்களே! ஒப்பந்தப் பத்திரத்தில் சிறிய எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு என்ன ஆனோம் என்பது நம் பாட்டன்மார் அறிந்த கதை. நம் அரசாங்கம் குறைப்பதாகச் சொன்னது மொத்தப் புகையை அல்ல. தேசிய உற்பத்தியில் ஒவ்வொரு வெள்ளிக்கும் எவ்வளவு புகை என்ற விகிதத்தை. இரண்டும் ஒன்றல்ல.

கிராணிமார் உடனே புரிந்துகொள்வார்கள். மற்றவர்களுக்காக ஒரு கணக்கு. ஷீட்டுக்குப் புகை போடும் ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் 100 வெள்ளி வியாபாரத்துக்கு 100 கட்டு விறகு எரித்தார்கள். வெள்ளிக்கு ஒரு கட்டு. சில ஆண்டுகள் கழித்து வியாபாரம் 300 வெள்ளியாகப் பெருகியது, விறகு 165 கட்டு ஆனது. இப்போது வெள்ளிக்கு அரைக் கட்டும் கொஞ்சமும்தான். "விறகுச் செலவை 45 சதவிகிதம் குறைத்துவிட்டோம்" என்று மானேஜர் மேலிடத்துக்கு எழுதலாம். அது பொய்யும் ஆகாது. ஆனால் விறகு வெட்டப்போன தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள்: முன்பைவிட 65 கட்டு அதிகமாகச் சுமந்தேன் என்பான். ஆகாயத்துக்கு வெள்ளிக் கணக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது கட்டுக் கணக்கு ஒன்றே.

நம் நாட்டில் நடந்தது ஏறக்குறைய இதுதான். எரிபொருளிலிருந்து மட்டும் வருகிற கரியமிலவாயு 1990ல் 6 கோடி டன்னை ஒட்டி இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது 25 கோடி டன்னுக்கு மேல். நான்கு மடங்கு! தலைக்கு இத்தனை என்று பார்த்தால் ஒரு மலேசியருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 8 டன். நம் முன்னோர் கப்பலேறி வந்த இந்தியாவில் தலைக்கு 2 டன் அளவுதான். இந்த எட்டு டன்னை லயத்து வீட்டில் ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்கும் வைத்திருப்பவரா புகைத்தார்? பங்களாவில் இருப்பவரையும் லயத்தில் இருப்பவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி வரும், நியாயம் வராது.

இனி நம் மாநிலத்துக்கே வருவோம். தெமியாங்கிலிருந்தும் சிரம்பான் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் போர்ட் டிக்சன் கடற்கரைக்கு எத்தனை பேர் குடும்பத்தோடு போய் வந்திருக்கிறோம்! அந்த வட்டாரத்தில் ஜிமா என்ற இடத்தில் வானத்தைத் தொட்டு நிற்கும் புகைப்போக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 1,400 மெகாவாட் நிலக்கரி மின்சார நிலையம் 2009ல் ஓடத் தொடங்கியது. ஆண்டைக் கவனியுங்கள். கோபன்ஹேகனில் 40 சதவிகிதம் குறைப்போம் என்று சொன்னதும் அதே 2009தான்!

அதோடு நின்றதா? 2015 டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம் உருவாயிற்று. 2016 நவம்பரில் நம் அரசாங்கம் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. 2019ல் அதே ஜிமாவில், இரண்டு யந்திரங்கள் கொண்ட 2,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் இன்னொன்று வேலைக்கு வந்தது. நல்ல உயர்தர யந்திரம், பழையதைவிடக் குறைவான கரியில் கூடுதல் மின்சாரம் தருவது என்றார்கள். அதை மறுக்கவில்லை. ஆனாலும் கணக்குப் பாருங்கள். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க, நல்ல யந்திரமானாலும் முக்கால் கிலோவுக்கு மேல் கரியமிலவாயு வெளிப்படும். ஆயிரம் மெகாவாட் யந்திரம் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 10 லட்சம் யூனிட். ஆக, மணிக்கு ஏறக்குறைய 800 டன். அப்படிப்பட்ட யந்திரங்கள் இரண்டு. நீங்கள் மூன்று மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்குத் தலைவிளக்கோடு நிரைக்குப் போய், பத்து மணிக்குப் பால் எடுத்துத் திரும்புவதற்குள் எத்தனை ஆயிரம் டன் ஆகாயத்தில் ஏறியிருக்கும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இந்த நிலையங்களோடு செய்துகொண்ட மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தங்கள் 25 ஆண்டு காலத்துக்கானவை. அதாவது 2019ல் தொடங்கியது 2044 வரை. நிலக்கரியை முற்றாகக் கைவிடும் ஆண்டாக இப்போது சொல்லப்படுவதும் 2044 தான். என்ன பொருத்தம்! ஒப்பந்தம் முடிகிற ஆண்டைத் "தியாகம் செய்கிற ஆண்டு" என்று அறிவிப்பது, ஓய்வு வயது வந்தவரை "உங்களுக்கு விடுதலை கொடுத்தோம்" என்று அனுப்பிவைப்பதைப் போன்றது.

சரி, புகை கூடினாலும் நம் நாட்டில் காடு இருக்கிறதே, அது உறிஞ்சிக்கொள்ளாதா என்று கேட்கலாம். உறிஞ்சுகிறது, உண்மை. மரம் வளர வளரக் கரியமிலவாயுவை உள்ளே இழுத்துக் கட்டையாகவும் இலையாகவும் மாற்றிக்கொள்கிறது. ஆனால் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற கணக்கில்தான் வேடிக்கை இருக்கிறது. ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்துக்கு நம் அரசாங்கம் அனுப்பிய அறிக்கையின்படி, 2019ல் வெளியான மொத்தம் 33 கோடி டன். மரங்கள் உறிஞ்சியதாக எழுதியது 21 கோடி டன்னுக்கு மேல். கழித்தால் பாக்கி பதினொன்றரைக் கோடி டன்தான். மூன்றில் இரண்டு பங்கு புத்தகத்திலேயே மறைந்துபோயிற்று!

2021 நவம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை பல நாடுகளின் இத்தகைய அறிக்கைகளை எடுத்து ஆராய்ந்தது. அந்தக் கட்டுரையின் முதல் உதாரணமே நம் நாடு. 2016ஆம் ஆண்டுக் கணக்கில் மலேசியா 24 கோடி டன்னுக்கு மேல் கழித்திருந்தது; மொத்தத்தில் அது 73 சதவிகிதம். அக்கணக்கு சரியென்றால், பக்கத்து இந்தோனேசியாவில் அதே மாதிரிக் காட்டில் நிற்கும் மரத்தைவிட நம் மரம் நான்கு மடங்கு வேகமாகக் கரியமிலவாயுவை இழுக்கவேண்டும் என்று அப்பத்திரிகை சுட்டிக்காட்டியது. இரண்டு பக்கமும் ஒரே வெயில், ஒரே மழை, ஒரே மண்வாகு. நம் பக்கத்து மரத்துக்கு மட்டும் நான்கு மூச்சா? கணக்கெல்லாம் சர்வதேச விதிமுறைப்படிதான் போட்டது என்று அதிகாரிகள் பதில் சொல்லலாம். மெட்ரோலாக்கையும் விதிப்படி மிதக்கவிட்டுத் தப்பாகப் படிக்க முடியும் என்பதைக் கொட்டகையில் நின்றவர்கள் அறிவார்கள்.

நியாயமாகச் சொல்லவேண்டும்: இது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. உலக நாடுகள் எழுதிக்கொடுத்த கணக்குக்கும் ஆகாயத்தில் உண்மையாக ஏறியதற்கும் இடையே ஆண்டுக்கு 850 கோடி டன் முதல் 1,330 கோடி டன் வரை வித்தியாசம் இருப்பதாக அதே பத்திரிகை கணக்கிட்டது.

காட்டைப் பற்றி வேறொரு வாக்குறுதியும் உண்டு. இது பால்மரத்தைத் தொடுகிற சங்கதி என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1992ல் ரியோ நகரில் நடந்த பூமி மகாநாட்டில், நாட்டு நிலத்தில் பாதிக்குக் குறையாமல் காடாக வைத்திருப்போம் என்று அன்றைய பிரதமர் மகாதீர் சொன்னார். இன்றும் பாதிக்கு மேல் காடு என்றே புள்ளிவிவரம் சொல்கிறது. ஆனால் எது காடு? நிரந்தர ரிசர்வ் காட்டுக்குள்ளேயே பழைய மரங்களை வெட்டி அகற்றிவிட்டு, ஒரே இன மரத்தை வரிசையாக நடும் "லாடாங் ஹூத்தான்" திட்டம் இருக்கிறது. அதற்கென்று அனுமதிக்கப்பட்ட மரவகைகளில் முக்கியமான ஒன்று எது தெரியுமா? நம் பால்மரம்! பாலுக்கும் பலகைக்கும் பயன்படும் விசேஷ ரகம். கிளந்தான் மாநிலத்துக் குவா மூசாங் பக்கம் இத்தகைய நடவுகளுக்காகக் காடு அழிக்கப்பட்டதை எதிர்த்துத் தெமியார் பழங்குடி மக்கள் 2016லும் அதன் பிறகும் பாதையில் தடுப்புக் கட்டி நின்றார்கள்.

ஆகவே, அதே பால்மரம் தோட்டத்தில் நின்றால் பயிர். ரிசர்வ் எல்லைக்குள் நின்றால் காடு. யானையும் புலியும் போய், வரிசை வரிசையாக நட்ட மரமும் களைக்கொல்லி டப்பாவும் வந்த பிறகும் வரைபடத்தில் அது பச்சை நிறமாகவே இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் பால்மரத்தடியில் உழைத்த நம்மைக் கேட்டிருந்தால், அது எவ்வளவு நல்ல மரமானாலும் காடு அல்ல என்று சொல்லியிருப்போம். 2021 இறுதியில் தீபகற்பத்து ரிசர்வ் காடுகளில் புதிய நடவுகளை 15 ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கத் தேசிய நில மன்றம் முடிவு செய்தது நல்ல காரியம். முன்பே அனுமதி பெற்றவர்களின் கோடாலி மீது நம் கண் இருக்கவேண்டும்.

இதையெல்லாம் எழுதும்போது, வெள்ளைக்கார நாடுகள் நல்லவை, நம் நாடு மட்டும் கெட்டது என்று எவரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். இந்தக் கரியமிலவாயுவின் பெரும்பகுதி, இருநூறு ஆண்டுகளாக ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஊதிவிட்டது. நாம் வெட்டிய பால் கப்பலேறி அவர்கள் நாட்டில் டயராயிற்று. அந்த டயரில் கோடிக்கணக்கான கார்கள் ஓடின. லாபம் லண்டனில் பங்காயிற்று. புகை மட்டும் எல்லார் தலைக்கும் பொது! 2009ல் அதே கோபன்ஹேகனில், ஏழை நாடுகளுக்கு 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருகிறோம் என்றார்கள். அந்தத் தொகை எட்டப்பட்டது 2022ல்தான். அதிலும் பெரும்பகுதி கடன். இரண்டு வருஷம் தாமதமாக வந்த சம்பளத்தை முன்பணம் என்று எழுதித் திரும்பப் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அமெரிக்காவோ பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து 2020ல் விலகி, 2021ல் திரும்ப வந்து, 2025 ஜனவரியில் மறுபடியும் விலகுவதாக அறிவித்தது. ஒப்பந்தக் காகிதத்தைக் கைக்குட்டைபோல் மடித்து வைக்கவும் உதறவும் பலமுள்ளவனுக்கு முடிகிறது.

ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் ஆண்டுதோறும் இந்த இடைவெளியை அளந்து அறிக்கை வெளியிடுகிறது. 2010ல் தொடங்கிய வழக்கம். அன்றிலிருந்து அறிக்கை தவறவில்லை, இடைவெளியும் அடையவில்லை. 2024ல் உலகம் முழுவதும் வெளியிட்டது 5,770 கோடி டன்; அதற்கு முந்தைய ஆண்டைவிட 2.3 சதவிகிதம் அதிகம். எல்லா நாடுகளும் சொன்னதை எல்லாம் செய்துவிட்டாலும் இந்நூற்றாண்டில் பூமியின் வெப்பம் 2.3 முதல் 2.5 டிகிரி வரை ஏறும். இப்போது நடைமுறையில் உள்ளபடியே போனால் 2.8 டிகிரி. பாரிஸில் பேசியது என்ன? 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்பது.

டிகிரியைப் பற்றி நமக்கென்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். பால்மரம் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் விடும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் நீரின் அழுத்தம் குறைகிறது, வெட்டுக்கோட்டில் பால் நின்றுபோகிறது. சூடு முன்னதாகவே ஏறினால் மங்கில் பால் குறையும். அதே நிரை, அதே நடை, அதே வெட்டு, ஆனால் வாளி இலேசு. மழையோ அதற்கு நேர்மாறான பகை. ஒரு டிகிரி சூடு ஏறிய காற்று ஏறத்தாழ 7 சதவிகிதம் அதிக ஈரத்தைத் தாங்கும். தாங்கியதை ஒரேயடியாகக் கொட்டும். மரப்பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டிய பிறகு மழை வந்தால் பால் வழிந்து மண்ணுக்குப் போகிறது. பிளாஸ்டிக் மழைத்தடுப்பு கட்டினால் கொஞ்சம் தப்பலாம். அதைக் கட்டித் தரச் செலவாகும் என்று எத்தனை நிர்வாகங்கள் கையை விரிக்கின்றன!

2021 டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்க முடியாது. சிலாங்கூர், பகாங், நம் நெகிரி செம்பிலான் உட்படப் பல மாநிலங்களில் வெள்ளம். நாட்டுக்கு மொத்த நஷ்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகாவே கணக்கிட்டது. ஒரு குறிப்பிட்ட மழைக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்வது சரியல்ல. ஆனால் சூடேறிய உலகில் இத்தகைய மழை அடிக்கடி வரும் என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேற்றுமை இல்லை. அத்துடன் இலை நோய். பெஸ்டலோட்டியோப்சிஸ் என்னும் வாயில் நுழையாத பெயர் கொண்ட பூஞ்சாணம் 2016ல் சுமத்ராவில் தென்பட்டு, 2017 முதல் நம் நாட்டிலும் பரவியது. ஈரம் மிகுந்த நாட்கள் அதற்குக் கொண்டாட்டம்; இலை கொட்டினால் மரத்துக்குப் பட்டினி, மரத்துக்குப் பட்டினி என்றால் நமக்கும்தான். 2006ல் 12 லட்சம் டன்னுக்கு மேல் ரப்பர் உற்பத்தி செய்த நாடு 2023ல் மூன்றரை லட்சம் டன்கூடத் தொடவில்லை. இதற்கு முதற் காரணம் விலைச் சரிவும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நிலம் போனதும், ஆள் பற்றாக்குறையும்தான். எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட நாம் தயாரில்லை. ஏற்கனவே மெலிந்த தொழிலின் மேல் இந்தப் பாரமும் ஏறுகிறது என்பதே நாம் சொல்வது.

வெயிலில் வேலை செய்கிற ஆளின் உடம்பைப் பற்றி என்ன ஏற்பாடு? 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவாயிற்று. மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தாண்டினால் வானிலை இலாகா எச்சரிக்கை கொடுக்கிறது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை, அது சரியே. அந்தப் பிள்ளையின் தகப்பனாரும் தாயாரும் அதே வெயிலில் மருந்துத் தண்ணீர் டாங்கியை முதுகில் சுமந்து களைக்கொல்லி அடிக்கிறார்களே, அவர்களை யார் உள்ளே கூப்பிடுவது? தொழிலிடப் பாதுகாப்பு இலாகா 2016ல் உஷ்ணத் தாக்குதலைத் தடுக்க ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டது. நல்ல புத்தகம்தான். வழிகாட்டி என்றால் வழி காட்டும், கட்டாயப்படுத்தாது.

வாக்குறுதிக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் நம் சங்கத்துக்குப் புதிதல்ல. 1954ல் ஐந்து சங்கங்கள் ஒன்றாகி, பி. பி. நாராயணன் போன்றவர்கள் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே, துரைமார் தனித்தனியாக வாயால் சொன்னதைக் கூட்டு ஒப்பந்தமாக எழுத்தில் வாங்குவதற்குத்தான். எழுத்தில் வாங்கிய பிறகும் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காசாகப் பார்த்தோம். சீதோஷ்ண வாக்குறுதிக்கு அப்படிப்பட்ட சம்பளச் சீட்டு எங்கே? பிரிட்டன் 2008லேயே இதற்கென்று சட்டம் இயற்றி, ஐந்தாண்டுக்கு ஒரு புகை வரவு செலவு நிர்ணயித்து, சர்க்காருக்குக் கட்டுப்படாத குழு ஒன்றை மேற்பார்வைக்கு வைத்தது. 2024 செப்டம்பர் 30ல் அங்கே கடைசி நிலக்கரி மின்சார நிலையம் மூடப்பட்டது. நம் நாட்டிலும் இத்தகைய சட்டம் வரும் என்று ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்திருக்கிறது.

2025ல் நம் அரசாங்கம் புதிய உறுதிமொழி ஒன்றை அனுப்பியது. இம்முறை வெள்ளிக் கணக்கை விட்டு டன் கணக்குக்கு வந்திருக்கிறார்கள். அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் உள்ளே பாருங்கள்: முதலில் உச்சிக்கு ஏறுவது, பிறகு அந்த உச்சியிலிருந்து 2035க்குள் 1½ கோடி முதல் 3 கோடி டன் வரை இறங்குவது. 2019ல் மொத்தம் 33 கோடி டன் என்று மேலே பார்த்தோம். அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுமட்டுமல்ல, உச்சியிலிருந்து இறங்குவது என்றால், உச்சி உயர உயர இறங்கி நிற்கும் இடமும் உயர்ந்துகொண்டே போகும். ஏணியின் கடைசிப் படியில் நின்று இரண்டு படி இறங்கியவன் தரைக்கு வந்துவிட்டானா?

நம் தோழர்களில் சிலர் ஒரு சந்தேகம் எழுப்பலாம்: இதற்கெல்லாம் சங்கம் குரல் கொடுத்தால், நிலக்கரி நிலையத்தில் வேலை செய்கிற நம்மைப் போன்ற தொழிலாளியின் பிழைப்பு என்னாவது? நியாயமான கேள்வி. நாமே இதன் வேதனையை அனுபவித்தவர்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோதும், பின்னர் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோதும், அதன் பிறகு சிரம்பானைச் சுற்றிய தோட்டங்கள் தாமான்களாக மாறியபோதும், "முன்னேற்றம்" என்ற பெயரில் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். முன்கூட்டித் திட்டமிடவில்லை, மாற்று வேலை இல்லை, வீடு இல்லை. பிரிட்டனில்கூட எண்பதுகளில் சுரங்கங்களை மூடியபோது, 1984-85ல் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தும் சுரங்கத் தொழிலாளர் ஊர் ஊராகச் சீரழிந்தார்கள். ஆகவே ஜிமா மூடப்படும் தேதியை இன்றைக்கே சட்டத்தில் எழுதவேண்டும் என்றும், அங்குள்ள தொழிலாளிக்குப் பயிற்சியும் வேலையும் அதே சட்டத்தில் எழுதவேண்டும் என்றும் சேர்த்தே கேட்கிறோம். ஒன்றை விட்டு மற்றொன்றைக் கேட்க நாம் ஒப்பமாட்டோம்.

அரசாங்கத்திடம் நாம் வைக்கும் கோரிக்கை பெரிதல்ல. இனி எந்த மந்திரி எந்த மகாநாட்டில் பேசினாலும் மொத்த டன்னில் பேசட்டும். மரம் உறிஞ்சியதைத் தனிப் பத்தியில் எழுதட்டும்; கழித்துவிட்டுப் பாக்கியை மட்டும் காட்டவேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை பாராளுமன்றத்தில் சொன்னது இவ்வளவு, நடந்தது இவ்வளவு என்று வைக்கட்டும். 2016 வழிகாட்டி கட்டாய விதியாகட்டும்; வானிலை இலாகா எச்சரிக்கை விடுத்த நாளில் வேலை நிறுத்தப்பட்டால் அந்நாளுக்குச் சம்பளம் உண்டு என்று விதியிலேயே இருக்கட்டும்.

நம் பங்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. தெமியாங், சிரம்பான் வட்டாரக் கிளைச் செயலாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, மழையால் வெட்டு நின்ற நாள், வெட்டிய பின் பால் வழிந்துபோன நாள், வெயில் தாங்காமல் எவரேனும் மயங்கி விழுந்த நாள், இலை கொட்டிய நிரைகள் ஆகியவற்றைத் தேதியோடு குறித்துவரவேண்டும். கிராணி உறுப்பினர்கள் இதற்குக் கை கொடுக்கவேண்டும். செக்ரோல் எழுதிப் பழகிய கைக்கு இது மாதத்தில் அரை மணி வேலை. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கு முன்பாக அந்த நோட்டுகள் சங்கக் காரியாலயத்துக்கு வந்து சேரட்டும்.